பிரித்துப் படிக்கப்பட்ட மடல்கள்

என் வாப்பா சவூதிச் சபரில் இருந்த காலம் அது. 1990ஆம் ஆண்டையொட்டிய நாட்கள். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. மாதத்திற்கு ஒன்றோ இரண்டோ மடல்கள் வரும். உம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், பத்து வயதுச் சிறுவனாகிய நான் முற்றத்துத் தூணில் சாய்ந்தபடி எல்லோரும் கேட்க உரக்கப் படிப்பேன். ஸலாம், நலம் விசாரிப்பு, அனுப்பிய பணத்தின் கணக்கு, வாப்பும்மாவின் கண் வைத்தியம் என்று மடல் நீண்டுகொண்டே போகும். கடைசிப் பக்கம் வந்ததும் உம்மா கையை நீட்டுவார்கள். "மீதியை நானே பார்த்துக்கிறேன், தா" என்பார்கள். அந்த ஒரு பக்கத்தை அறைக்குள் எடுத்துச் சென்று, விளக்கடியில் அமர்ந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி நெடுநேரம் படிப்பார்கள். அந்தப் பக்கங்களில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் இன்றுவரை அறியேன். அறிய வேண்டிய தேவையும் எனக்கில்லை.

ஒருமுறை வந்த மடலின் உறை ஓரமாகக் கிழிக்கப்பட்டு, மீண்டும் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே தாள்கள் வரிசை மாறிக் கிடந்தன. கடைசிப் பக்கம் முதலில் இருந்தது. உம்மா அன்று மடலைப் படிக்கச் சொல்லவில்லை. "யாரோ பார்த்துட்டாங்க" என்று மட்டும் கூறி, அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். யார் பிரித்தார்கள், எந்த நாட்டில் பிரித்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்களின் முகம் அன்று சிவந்ததை நான் மறக்கவில்லை.

இந்த நினைவு மீண்டும் என்னை வந்து தைத்தது 2021ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் அன்று. பெருநாளுக்கு மூன்று நாட்களுக்கு முன்னர்தான் 'பெகாசஸ்' எனும் இஸ்ரேலிய உளவு மென்பொருளைப் பற்றிய செய்தி உலகெங்கும் வெளியாகியிருந்தது. இந்தியாவில் அரசியல் தலைவர்கள், பத்திரிகையாளர்கள், சமூக ஆர்வலர்கள் பலரின் கைபேசி எண்கள் கண்காணிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களின் பட்டியலில் இருந்ததாகச் செய்தி கூறியது. பகல் விருந்து முடிந்து முற்றத்தில் அமர்ந்திருந்தபோது பேச்சு அங்கே சென்றது.

என் சாச்சா பழைய காங்கிரஸ்காரர். "இப்படியோர் அநியாயம் இந்த நாட்டில் நடந்ததே இல்லை" என்று தொடங்கினார். என் மச்சானுக்குக் காங்கிரஸ் என்றாலே ஆகாது. "அப்படிச் சொல்லாதீங்க மாமா. இந்த வழியை வெட்டிக் கொடுத்ததே உங்க கட்சிதானே! நெருக்கடி நிலையை மறந்துட்டீங்களா?" என்றார். சாச்சா குரலை உயர்த்தினார், மச்சானும் உயர்த்தினார். அஸர் பாங்கு ஒலிக்கும்வரை ஓயவில்லை. இருவரும் அவரவர் கட்சியின் கணக்கைக் கழித்துவிட்டு, எதிர்க்கட்சியின் கணக்கை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தனர். வரலாறு பயின்றவன் என்பதால் என்னை நடுவராக இருக்கச் சொன்னார்கள். நான் அன்று வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அன்று சொல்லாமல் விட்ட வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தந்தியையும் தொலைபேசியையும் இடைமறிக்கும் அதிகாரத்தை நம் அரசுகளுக்கு அளித்து வந்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். மடல்களைப் பிரிக்கும் அதிகாரத்தை அளித்தது 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. இரண்டும் ஆங்கிலேயர் தம் ஆட்சியைக் காத்துக்கொள்ள இயற்றியவை. அவர்களின் வேவுக் கண் எவ்வளவு கூர்மையானது என்பதை நம் உலமாக்கள் நன்கறிவர். 1916இல் காபூலிலிருந்து மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி, ஹிஜாஸில் இருந்த தம் ஆசிரியர் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்களுக்குப் பட்டுத் துணியில் எழுதியனுப்பிய மடல்கள் வழியிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மௌலானா அவர்கள் கைது செய்யப்பட்டு 1920 வரை மால்டா தீவில் சிறை வைக்கப்பட்டார்கள். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த மகாகவி பாரதியாரையும் ஆங்கிலேயரின் ஒற்றர்கள் நிழல்போல் தொடர்ந்தனர். பட்டு மடல் இயக்கத்தை நினைவுகூர்ந்து 2013இல் நம் அஞ்சல் துறை ஒரு தபால் தலை வெளியிட்டது. மகிழ்ச்சிதான். ஆயினும் அந்தத் தபால் தலை ஒட்டிய மடலையும் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை, அதே 1898ஆம் ஆண்டுச் சட்டம் அன்றும் அரசுக்கு அளித்துக்கொண்டிருந்தது!

நாடு விடுதலை பெற்றது. வெள்ளையர் சென்றனர், சாவியை விட்டுச் சென்றனர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் உறவினர்களை உளவுத் துறை 1948 முதல் 1968 வரை கண்காணித்ததும், கல்கத்தாவில் அவர்கள் வாழ்ந்த இரு இல்லங்களுக்கு வந்த மடல்களைப் படி எடுத்ததும் 2015இல் வெளியான கோப்புகளால் தெரியவந்தன. உடனே பாரதிய ஜனதா, இருபதாண்டுகளில் பதினாறு ஆண்டுகள் பிரதமராக இருந்தவர் நேருவே என்றது. காங்கிரஸோ, தொடக்கத்தில் உள்துறையைக் கவனித்தவர் சர்தார் படேல் அல்லவா என்றது. நேருவையும் படேலையும் பங்கு பிரித்துக்கொள்வதில் இருந்த வேகம், இனி எவர் வீட்டு மடலையும் இவ்வாறு பிரிக்கலாகாது என்று சட்டம் செய்வதில் எவருக்கும் இருக்கவில்லை.

1986இல் ராஜீவ் காந்தி அரசு, மடல்களை இடைமறிக்கும் அதிகாரத்தை மேலும் விரிவாக்கும் அஞ்சலகத் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையொப்பமிடாமலே வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்வந்த, நம் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பினார். 2002இல் அது கைவிடப்பட்டது. இதற்கிடையே 1988இல் கர்நாடகத்தில் அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டின்பேரில் ஜனதா முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில் ராஜீவ் காந்தியின் இல்லத்தருகே ஹரியானா காவலர் இருவர் நோட்டமிட்டதாகக் காங்கிரஸ் கொதித்தெழ, அதன் ஆதரவில் நடந்துவந்த சந்திரசேகர் அரசு வீழ்ந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் ஊரார் மடல்களைப் பிரிக்கச் சட்டம் கொண்டுவந்த அதே கட்சி, தன் தலைவரின் வாசலில் இருவர் நின்றது பொறுக்காமல் ஓர் ஆட்சியையே கவிழ்த்தது. தனக்கு நேர்ந்தால்தான் வலிக்கிறது.

நீதிமன்றம் சிறிது ஆறுதல் தந்தது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அஹ்மத் ஆகியோர் தொலைபேசி ஒட்டுக்கேட்பு அந்தரங்க உரிமையைப் பாதிப்பதாகத் தீர்ப்பளித்தனர். உள்துறைச் செயலாளர்தான் ஆணையிட வேண்டும், ஓர் ஆணை இரண்டு மாதமே செல்லும், மொத்தத்தில் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது, ஆணைகளை ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என்று வரம்பு விதித்தனர். ஆனால் ஆணையிடுபவரும் அரசுச் செயலாளர். ஆய்வு செய்பவர்களும் அரசுச் செயலாளர்களே. முன்கூட்டியே ஒரு நீதிபதியிடம் அனுமதி பெற வேண்டும் எனும் விதி இடம்பெறவில்லை.

அடுத்து கணினிக் காலம் வந்தது. 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதலின் துயரம் ஆறாத நாட்களில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவை விரிவாக்கும் திருத்தம் மக்களவையில் விவாதமின்றியே நிறைவேறியது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. மாதந்தோறும் சராசரியாக 7,500 முதல் 9,000 தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிக்கப்படுவதாக 2013இல் உள்துறை அமைச்சகமே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிலளித்தது. 2018 டிசம்பர் 20 அன்று, எந்தக் கணினியிலுள்ள தகவலையும் இடைமறிக்கவும் கண்காணிக்கவும் பத்து அமைப்புகளுக்கு அதிகாரமளிக்கும் ஆணையைப் பாரதிய ஜனதா அரசு வெளியிட்டது. எதிர்க்கட்சிகள் கூக்குரலிட்டன. விதிகள் 2009இல் நீங்கள் வகுத்தவைதாமே என்று ஆளுங்கட்சி பதிலளித்தது. 2013ஆம் ஆண்டின் அந்தக் கணக்கும் அப்போது எடுத்துக் காட்டப்பட்டது. முன்னவர் செய்த தவறு, பின்னவர் தவறுக்குச் சான்றிதழாயிற்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் பெகாசஸ் வழக்கில், அந்த மென்பொருளைப் பயன்படுத்தியதா இல்லையா என்பதை அரசு நீதிமன்றத்தில் தெளிவாகச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் ஏதோவொரு தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் கூறியது. குழுவுக்கு அரசு ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே மன்றத்தில் தெரிவித்தார். 2023இல் பழைய அஞ்சலகச் சட்டத்திற்கும் தந்திச் சட்டத்திற்கும் மாற்றாகப் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. ஏட்டின் அட்டை மாறியது. இடைமறிக்கும் அதிகாரம் உள்ளே அப்படியே இருக்கிறது.

இவற்றையெல்லாம் நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். இருபதாண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருகிறேன். ஆண்டுக்கு ஓரிரு முறை சாதாரண உடையில் ஒருவர் வருவார். ஓதும் பிள்ளைகளின் பெயர், ஊர், வெளியூரிலிருந்து வந்த ஹஜ்ரத்மார்களின் விவரம் எல்லாம் கேட்பார். தேநீர் கொடுத்து, கேட்டதைச் சொல்லியனுப்புவோம். மறைப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. இந்த இருபதாண்டுகளில் மாநிலத்தில் மூன்று முறை ஆட்சி மாறியது. வருகின்ற மனிதரும் மாறினார். கேள்விகள் மட்டும் மாறவேயில்லை. அவர் படியிறங்கிச் செல்லும்போதெல்லாம், உம்மாவின் கையில் இருந்த அந்த ஒட்டிய உறை என் நினைவில் வந்து நிற்கும்.

இனி, பெருநாளன்று நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். அது கொரோனாக் காலம். பள்ளிக்கூடமும் மதரஸாவும் மூடிக்கிடந்தன. என் மகள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைக் கைபேசியில் படித்துவந்தாள். பாடம் முடிந்த பின்னும் அவள் யாருடனோ எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு என் மனத்தில் ஐயம் புகுந்தது. பெருநாளுக்குச் சில நாட்கள் முன்னர், அவள் உறங்கிய பின், கைபேசியை எடுத்துப் பார்த்தேன். பிள்ளையின் நன்மைக்காகத்தானே என்று எனக்கு நானே ஆணை எழுதிக்கொண்டேன். அவள் தன் தோழிக்கு எழுதியிருந்தாள்: "வாப்பாவுக்குப் பாதிச் சம்பளம்தான் வருது. அதனால பெருநாளைக்குத் துணி வேணாம், பழசே நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். பொய்தான்." என் கைகள் நடுங்கின. அது எனக்குக் காட்ட அவள் விரும்பாத கடைசிப் பக்கம்.

பெருநாளன்று அவள் அந்தப் பழைய உடையை உடுத்திக்கொண்டு எல்லோருக்கும் பாயசம் பரிமாறினாள். அவளைப் பார்த்துக்கொண்டு, ஒற்றறிவது தவறு என்று சாச்சாவுக்கும் மச்சானுக்கும் தீர்ப்புச் சொல்ல என் நா எழவில்லை.

பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதைத் திருமறையின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் 12ஆம் வசனம் தடுக்கிறது என்பதை எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவன் நான். கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரவில் நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே மது வைத்திருந்த மனிதரைக் கடிந்தார்களாம். அவரோ, நான் செய்த பாவம் ஒன்று. ஒற்றறிந்தது, வாசல் வழியாக வராதது, அனுமதியின்றி நுழைந்தது என்று தாங்கள் செய்தவை மூன்று என்றாராம். அப்போது உமர் (ரலி) அவர்கள், எனக்கு முன்னிருந்தவர் இப்படிச் செய்யவில்லையா என்று கேட்கவில்லை. தவறு தம்முடையது என்று ஏற்றுத் திரும்பிச் சென்றார்கள்.

அன்றிரவு மகளை அழைத்து, நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிறிது நேரம் தலைகுனிந்திருந்தாள். பின்னர், "கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே வாப்பா" என்றாள். அதன்பின் பல நாட்கள் அவள் கைபேசியைக் கவிழ்த்தே வைத்தாள். உடைந்தது ஒட்டுவதற்கு நாளாயிற்று. இன்று அவள் கல்லூரியில் பயில்கிறாள். தன் தோழிகளைப் பற்றி அவளாகவே என்னிடம் பேசுகிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

நாட்டைக் காக்க வேண்டிய அரசு, ஐயத்திற்கு இடமானவர்களைக் கண்காணிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவரேறிக் குதிக்காமல் வாசல் வழியாக வரட்டும். ஒரு நீதிபதியிடம் காரணம் சொல்லி அனுமதி பெற்று வரட்டும் என்கிறேன். சகோதர சகோதரிகளே, அடுத்த முறை இத்தகைய செய்தி வெளிவந்து, யார் தொடங்கினார்கள் என்று நம் முற்றங்களில் வழக்கு எழும்போது, சாவியை எந்தக் கட்சி திருப்பிக் கொடுத்தது என்று கேளுங்கள். கேட்பதற்கு முன்னர் நம் வீட்டு அலமாரியில் அத்தகைய சாவி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உம்மாவின் பெட்டியில் அந்த ஒட்டிய உறை இன்னும் இருக்கிறது. உம்மா இறையடி சேர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் அதைத் திறக்கவில்லை.