மாமா கொண்டுவந்த அரிசி

கீழக்கரை

அன்புத் தம்பிக்கு ராத்தா எழுதுவது.

வெள்ளிக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு சொல் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. மாமா மகன் கடன் கேட்டதைப் பற்றிப் பேசும்போது, "அவனுக்கு ஈமான் பத்தாது ராத்தா, அதனால்தான் அல்லாஹ் கையை முடக்கி வைத்திருக்கிறான்" என்றாய். பிள்ளைகள் பக்கத்தில் இருந்ததால் நான் பதில் பேசவில்லை.

1983 ஜூலையில் கொழும்பில் வாப்பாவின் கடை எரிந்தபோது உனக்கு அஞ்சு வயது. அடுத்த நோன்புக்குத் தூக்குவாளியோடு பள்ளிவாசலில் கஞ்சிக்கு நின்றது மட்டும்தான் உனக்கு ஞாபகம். எனக்குப் பதிமூன்று. உம்மா காப்பை விற்றது, ஓலைக் கொட்டான் முடைந்து முடைந்து விரல் நுனி வெடித்தது எல்லாம் கண்ணுக்குள் இருக்கிறது. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்த வருஷம் நாலு மாதம் நான் தொழவில்லை. உம்மா பார்க்கட்டும் என்று முஸல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு வக்து விடாமல் தொழுத வாப்பாவுக்கே இப்படி என்றால் நான் எதற்குத் தொழ வேண்டும் என்று அப்படி ஒரு கோபம். அதனால் வறுமை ஈமானை வளர்க்கும் என்று யார் பயான் செய்தாலும் என் மனம் ஒப்புவதில்லை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் செல்வத்தின் சோதனையிலிருந்தும் வறுமையின் சோதனையிலிருந்தும் ஒரே துஆவில் பாதுகாப்புத் தேடினார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவித்தது புகாரியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள், தம்பி.

எனக்கு வந்தது சோதனைதான் என்று பசித்த வயிறே எனக்குச் சொல்லிவிட்டது. உனக்குச் செல்வத்தின் சோதனை பரிசு போல வந்திருக்கிறது. எனக்கு அதுதான் பயம்.

அம்ம ஜுஸ்வு முழுக்க மனப்பாடம் செய்தவன் நீ. அதில் 89வது சூரா, அல்ஃபஜ்ர். வசதி வந்தால் ரப்பு தன்னைக் கண்ணியப்படுத்தினான் என்றும், ரிஜ்க்கைச் சுருக்கினால் தன்னை இழிவுபடுத்திவிட்டான் என்றும் மனிதன் சொல்கிறான். 'கல்லா' என்று அல்லாஹ் இரண்டையும் மறுத்துவிட்டு, யதீமைக் கண்ணியப்படுத்தாததைத்தான் உடனே எடுத்துக் காட்டுகிறான். மனிதன் தன்னைப் பற்றிச் சொன்ன 'அக்ரமன்' என்பதும், யதீமுக்குச் செய்யாமல் விட்டதைச் சொல்லும் 'துக்ரிமூன்' என்பதும் ஒரே வேர்ச்சொல். இதை முதலில் கேட்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீ நூற்றுக்கு இரண்டரை கணக்குப் பார்த்து ஒரு திர்ஹம் குறையாமல் ஜகாத் கொடுக்கிறவன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஆயத்து கேட்பது கண்ணியத்தை. மாமா மவுத்தானபோது அவர் மகனுக்கு ஒன்பது வயது.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் நாயகத்தை உன் மகன்களுக்கு அடிக்கடி சொல்வாய். வெறுங்கையோடு மதீனா வந்தார்கள், ஸஅத் இப்னு ரபீஉ பாதிச் சொத்தைத் தருகிறேன் என்றும் வாங்காமல் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள் என்று. ஒற்றைப் பெட்டியோடு துபாய்க்குப் போன உனக்கு அது பிடிக்காமல் இருக்குமா! ஆனால் மீதியையும் சொல். செல்வம் சேர்ந்த பிறகு ஒருநாள் அவர்கள் நோன்பாளியாக இருக்க, உணவு வைக்கிறார்கள். முஸ்அப் இப்னு உமைரின் நினைவு வந்துவிடுகிறது. மக்காவில் செல்வத்தில் பிறந்து வளர்ந்தவர், உஹதில் ஷஹீதானபோது கஃபனுக்கு ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. அவர் என்னைவிடச் சிறந்தவர், நம் நன்மைக்கெல்லாம் கூலி இங்கேயே கொடுத்துத் தீர்த்துவிட்டார்களோ என்று அழுது, சாப்பாட்டைத் தொடாமலே விட்டுவிட்டார்கள். செல்வம் வந்தபோது அவர்களுக்கு வந்தது அந்தப் பயம், தம்பி. யாருக்கு ஈமான் பத்தாது என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

இன்னொன்று. கடை எரிந்த அந்த வருஷம் மாமா நமக்கு அரிசி மூட்டை கொண்டுவருவார். இஷாவுக்குப் பிறகு தெரு அடங்கியதும் பின்வாசல் வழியாகத்தான் வருவார். உம்மாவிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார், இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். நீ தூங்கியிருப்பாய்.

நோன்புக்கு ஊர் வரும்போது மாமா மகன் வீட்டில் ஒருநாள் நோன்பு திற. உன் மகன்களையும் கூட்டிக்கொண்டு போ. கடன் பேச்சு அந்தப் பிள்ளைகள் காதில் விழ வேண்டாம்.

துஆவுடன்,
உன் ராத்தா