ஷிஸுகுவும் நாலு வட்டமும்

பி.காம். மூணாவது வருஷம் வந்துட்டா போதும், பார்க்கிறவங்க எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான். "அடுத்து என்ன?" சி.ஏ., எம்.பி.ஏ., பேங்க் எக்ஸாம்னு ஏதாவது சொல்லித் தப்பிச்சுடலாம். இப்போ புதுசா இன்னொரு கேள்வி கிளம்பியிருக்கு: "உன் வாழ்க்கையோட நோக்கம் என்ன?" இதுக்கு என்னத்த சொல்ல? வேலைக்குத் தயார் பண்ற வகுப்புல நாலு வட்டம் போட்ட படம் ஒண்ணைக் காட்டறாங்க. பிடிச்சது, நல்லா வர்றது, உலகத்துக்குத் தேவையானது, காசு கிடைக்கிறது. நாலும் சந்திக்கிற நடு இடம்தான் 'இக்கிகாய்', ஜப்பான்காரங்களோட ரகசியமாம்.

அந்தப் படம் ஜப்பான்ல பிறக்கவே இல்லைங்க. நடுவுல 'நோக்கம்'னு எழுதி ஏற்கெனவே புழக்கத்துல இருந்த நாலு வட்டப் படம் அது. 2014ல மார்க் வின்ங்கிறவர் அந்த வார்த்தையை எடுத்துட்டு 'இக்கிகாய்'னு போட்டார், அவ்வளவுதான். ஜப்பான்ல இதைப் பத்தி 1966லேயே புத்தகம் எழுதின மியெகோ காமியா ஒரு மனநல மருத்துவர். நாகாஷிமா தீவுல தொழுநோயாளிகளை அடைச்சு வச்சிருந்த இடத்துல வேலை பார்த்தவர். அந்த நோயாளிகள்கிட்ட போய் நாலாவது வட்டத்தைப் பத்திப் பேச முடியுமா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். நோக்கத்தைப் பத்தி ஜப்பான்கிட்ட கத்துக்கணும்னா எனக்கு ஒரு அனிமே பொண்ணு போதும். பேரு ஷிஸுகு. 1995ல ஜிப்லி ஸ்டுடியோ எடுத்த 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' படத்தோட நாயகி. ஆவோய் ஹிராகியோட மங்காவை வச்சு மியாசாகி திரைக்கதை எழுத, யோஷிஃபுமி கோன்டோ இயக்கினார். வாள் கிடையாது, மந்திரம் கிடையாது, உலகத்தைக் காப்பாத்துற வேலையும் கிடையாது. டோக்கியோவுக்கு மேற்கே தாமா பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புல ஒரு நெருக்கடியான வீடு. அப்பா நூலகத்துல வேலை பார்க்கிறார். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்குற வருஷம், பொண்ணு கதைப் புத்தகமா படிச்சுத் தள்ளுது.

எடுக்கிற புத்தகத்தோட கார்டுல எல்லாம் தனக்கு முன்னாடி ஒருத்தன் பேர் இருக்கிறதைப் பார்க்கிறா. அவன்தான் செய்ஜி. வயலின் செய்யக் கத்துக்கணும்னு ரெண்டு மாசம் இத்தாலியில இருக்கிற க்ரெமோனாவுக்குக் கிளம்பிடறான், தனக்கு அது வருமா வராதான்னு பார்க்க. இவளுக்கு அவன் மேல சந்தோஷம்தான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம். அவனுக்கு வழி தெரிஞ்சுடுச்சு, எனக்கு? நம்ம வகுப்புல ஒருத்தன் சி.ஏ. இன்டர் பாஸ்னு ஸ்டேட்டஸ் போடும்போது வயித்துல ஒண்ணு புரளுமே, அதே பயம்தான்.

இங்கதான் எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். 'என் திறமை எது'ன்னு யோசிச்சுக்கிட்டு உட்காரல. தேதி குறிக்கிறா. அவன் திரும்பி வர்றதுக்குள்ள ஒரு கதையை எழுதி முடிக்கணும். பழைய பொருள் கடையில இருக்கிற பூனைப் பொம்மைதான் கதாநாயகன். கடைக்காரத் தாத்தா நிஷி அனுமதி குடுக்கிறார், தான்தான் முதல்ல படிப்பேன்னு ஒரே ஒரு நிபந்தனை. அப்புறம் ராத்திரி பகல் எழுத்துதான். மார்க் சரசரன்னு இறங்குது. அக்கா கத்தறா. அப்பா மட்டும் அமைதியா, இப்பவே செஞ்சாகணுமான்னு கேட்கிறார். ஆமாங்கிறா. சரின்னு விட்டுடறார். ஆனா ஒண்ணு சொல்லி வைக்கிறார்: மத்தவங்களை மாதிரி இல்லாம வாழறது சுலபமில்ல, எது நடந்தாலும் பழியை வேற யார் மேலயும் போட முடியாது. (எங்க வீட்ல இந்தப் பேச்சு இவ்வளவு சீக்கிரம் முடியாது. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மாமியும் வந்துடுவாங்க :-) )

எழுதி முடிச்சுத் தாத்தாகிட்ட குடுத்துட்டு, அவர் படிக்கிற வரைக்கும் வெளியில குளிர்ல உட்கார்ந்திருக்கா. அவர் பொய்யா பாராட்டல. கரடுமுரடா இருக்கு, நேர்மையா இருக்கு, இன்னும் முடியலங்கிறார். அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வருது. பின்பாதி கோணல்மாணல்னு அவளுக்கே தெரியும். ஆசை மட்டும் இருந்தா பத்தாது, இன்னும் நிறைய படிக்கணும்னு எழுதும்போதே புரிஞ்சுடுச்சுங்கிறா. தாத்தா சுடச்சுட நூடுல்ஸ் குடுக்கிறார். உள்ளே பச்சைக் கல் மின்னுற பாறைத் துண்டு ஒண்ணையும் அவ கையில குடுக்கிறார்.

இதைப் பார்த்துட்டு என் ஃப்ரெண்ட் கேட்டான்: "கடைசியில பரீட்சைக்குத்தானே படிக்கப் போனா? அப்புறம் எதுக்கு மார்க்கைக் கெடுத்துக்கிட்டா?" காமர்ஸ் படிக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? ட்ரையல் பேலன்ஸ் போடறது லாபம் காட்டவா? ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதா, எங்க இடிக்குதுன்னு பார்க்கத்தானே. முன்னாடி எல்லாரும் போறாங்கன்னு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பா. இப்போ தனக்கு என்ன குறையுதுன்னு தெரிஞ்சு போறா. கட்டடம் அதேதான்.

இயக்குநர் கோன்டோவும் பல வருஷம் மத்தவங்க படங்களுக்கு வரைஞ்சுக்கிட்டிருந்தவர்தான். 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்துல அவர் கை இருக்கு. முதல் முழுநீளப் படம் வந்தப்போ வயசு 45. 1998ல இறந்துட்டார், அதனால இது ஒண்ணுதான் அவர் இயக்கின படம்.

ஒரு குறை சொல்லியே ஆகணும். நோக்கம்னாலே கதை, வயலின், ஓவியம்தானா? எனக்குக் கதை வராது. எனக்குப் பிடிச்சது கணக்கு, அதுவும் எங்க தெரு மளிகைக்கடை, டெய்லர் கடை மாதிரி சின்னக் கணக்கு. ஜிஎஸ்டின்னா நடுங்கறவங்களுக்குத் தமிழ்ல புரியற மாதிரி எழுதிக் குடுக்கணும். கடைசி பரீட்சை முடிஞ்சதும் மூணு கடை, மூணு மாசம். அப்புறம் அந்த நோட்டுகளை எங்க தெருவுல இருக்கிற ரிட்டயர்டு ஆடிட்டர்கிட்ட குடுத்துட்டு வாசல்ல உட்காரணும். மனுஷர் முகத்துக்காகப் பேசமாட்டார். அதுக்குள்ள சி.ஏ. கோச்சிங் ஒரு பேட்ச் தள்ளிப்போகும். வீட்ல இன்னும் சொல்லல. அப்பா என்ன கேட்பார்னு தெரியும், பதில்தான் தயார் பண்ணிக்கிட்டிருக்கேன்.

படம் 111 நிமிஷம். கடைசியில வர்ற கல்யாணப் பேச்சைக் கண்டுக்காதீங்க, வயசு அப்படி. பேர் ஓட ஆரம்பிச்சதும் எழுந்துடாதீங்க. கீழே தெருவுல ஜனங்க போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருப்பாங்க. ஷிஸுகுவோட தோழி அங்கே யாருக்கோ காத்துக்கிட்டிருப்பா, கவனிங்க.