கருவாட்டு வாசம் அடித்த அட்டைகள்

இலங்கை மலையகத்து டயகமவில் மழை விடாத மாதங்களில் எங்கள் லயத்துக் காம்பராச் சுவர் ஊறிப் பொரிந்துவிடும். அப்பாயி கோதுமை மாவில் பசை காய்ச்சி, கிடைத்த தாளையெல்லாம் அதன்மேல் ஒட்டும். மிளாறுப் புகையில் வீரகேசரித் தாள்கள் பழுப்பேறிக் கிடக்க, நடுவில் கல்கி அட்டை ஒன்று மட்டும் நிறம் மங்காமல் இருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா ஈரப் படங்கை இஸ்தோப்பில் உதறும் சத்தமும் கம்பளியின் வாடையும் சாயத்தண்ணி கொதிக்கும் மணமும் சேர்ந்து வரும் அந்த நேரத்தில், அட்டைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

1970களில் தென்னிந்திய சஞ்சிகைகள் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. புதுசு வராததால் பழசுக்கு மவுசு. லயம் லயமாகச் சுற்றிக் கிழிந்து, கடைசியில் பஜார் கடைக்குச் சரை சுற்றப் போய்ச் சேரும்.

“மொதலாளி, அந்தக் குதிரப் படத்துல சுத்தாதீங்க!” என்று கத்துவேன். அவர் நெத்தலிக் கருவாட்டை வேறு தாளுக்கு மாற்றிவிட்டு, “இந்தா, குதிரய ஓட்டிக்கிட்டுப் போ” என்று அட்டையைத் தருவார். ஈரத்துணியால் துடைத்து அடுப்புக்கு மேலே காயவைத்தாலும் வாசம் போகாது. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும், தோளில் பிணமும் கையில் வாளுமாக, அந்தக் கருவாட்டு வாசத்தோடேதான் என்னிடம் இருந்தான்.

எல்லாவற்றையும் உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் அடுக்கினேன், ஈரம் அண்டாது. ஓரத்தில் கோபுலு, மணியம், சில்பி என்று கையெழுத்துத் தேடுவது பெரிய விளையாட்டு. விகடனில் சில்பி வரைந்த கோபுரம் ஒன்றை அப்பாயி விரலால் தடவி, “எங்கப்பா சொல்லும், நம்ம ஊருக்கு அங்கிட்டுத்தான் இப்படி ஒண்ணு இருக்குன்னு” என்றது. அப்பாயி பிறந்ததும் டயகமவில்தான்.

பெட்டி நிறைந்ததற்குக் காரணம் வேறு. தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட் வந்தவர்கள் தலவாக்கலையில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் ஆட்டுக்கல்லையும் கோழியையும் அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள்; புத்தகக் கட்டு என்னிடம் வரும். ஒவ்வொரு கட்டு வரும்போதும் லயத்தில் ஒரு காம்பரா பூட்டிக் கிடக்கும். அந்த வயதில் எனக்குக் கட்டுதான் பெரிசாகத் தெரிந்தது.

பக்கத்துக் காம்பராக் கூட்டாளி போகும்போதுதான் தொண்டை அடைத்தது. அவன் தன் அம்புலிமாமா அத்தனையையும் தந்தான். குதிரை அட்டையை நான் அவன் சட்டைக்குள் செருகிவிட்டேன். வெகுநாள் கழித்துக் கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. இங்கேயும் தேயிலைதான், அட்டைக் கடிதான் என்று தொடங்கி, கடைசியில் எழுதியிருந்தான்: “அம்புலிமாமா புதுசே கடையில தொங்குது. காசு சேத்து ஒண்ணு வாங்குனா, படிச்சிட்டு ஒனக்கு அனுப்புறேன். குதிரப் படம் பத்திரமா இருக்கு.”