ஓடாத ஃபெராரி

எங்கள் பட்டறைக்கு வரும் ஃபெராரிகளில் சொந்தக்காரருக்கு அதிகச் செலவு வைப்பவை நிறைய ஓடியவை அல்ல, ஓடாமல் நின்றவை. லண்டனுக்கு வெளியே இருக்கும் இந்தப் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்த புதிதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கோயம்புத்தூரில் நான் பார்த்து வளர்ந்த பழைய கார் வியாபாரத்தில் கிலோமீட்டர்தான் வண்டியின் ஜாதகம். குறைவாக ஓடியதா, விலை அதிகம். அதற்கு மேல் பேச்சில்லை.

இங்கே பெரும்பாலும் எஃப்355 வேலைதான். 1994 முதல் 1999 வரை ஃபெராரியின் மாரனெல்லோ ஆலையில் செய்த கார், பினின்ஃபரினாவின் வடிவமைப்பு. மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின். ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு: மூன்று காற்றும் பெட்ரோலும் உள்ளே வர, இரண்டு புகை வெளியே போக. 380 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 8,500 சுற்று வரை ஏறும். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எதற்கும் இடம் இருக்காது, விட்டுவிடுகிறேன்.

பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டிய ஆங்கிலேயர். இந்த ஊர் வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது இன்னும் கூச்சம்தான், அதனால் இங்கே பெரியவர் என்றே எழுதுகிறேன். ஸ்பேனரைத் தொடவிடுவதற்கு முன் அவர் என்னைக் காகிதம் படிக்க வைத்தார். பிரிட்டனில் மூன்று வயதான கார்கள் வருஷா வருஷம் எம்ஓடி சோதனைக்குப் போக வேண்டும். அங்கே மீட்டர் எத்தனை மைல் காட்டுகிறது என்று பதிவாகும். வண்டி எண்ணைப் போட்டால் அந்தப் பழைய கணக்கை அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மொத்த மைலைப் பார்க்காதே, வருஷத்துக்கு வருஷம் என்ன ஏறியிருக்கிறது என்று பார் என்பார். தொடர்ந்து பல வருஷம் முப்பது, நாற்பது மைல்தான் ஏறியிருந்தால், வண்டி வீட்டிலிருந்து சோதனைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வருஷங்களின் பில்களைத் தேடு. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை குத்த ஒரு நிமிஷம் போதும். எந்தச் சாமானை மாற்றினார்கள் என்று பில்தான் சொல்லும்.

அடுத்து கண்ணுக்கும் கைக்கும் வேலை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாமல் புதுசு போலத் தெரியும், ரப்பர் இறுகிப் போயிருக்கும். மழையில் அந்த டயரோடு இந்தக் காரை ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். டாஷ்போர்டின் தோல் சுருங்கிக் கண்ணாடிப் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். பட்டன்களின் மேல்பூச்சு இளகிப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இதெல்லாம் வரும்.

வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் இன்ஜின் மூடியில் கை வைக்கச் சொல்வார் பெரியவர். சூடாக இருந்தால் விற்பவர் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். இரண்டாவது கியர் குளிரில் முரண்டு பிடிப்பது இந்த வண்டிகளின் சுபாவம், பயப்பட வேண்டாம். சூடான பிறகும் பிடித்தால்தான் பிரச்சினை. நீலப்புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம், ஆரம்பகால வண்டிகளுக்கு இந்தக் கெட்ட பெயர் உண்டு. ஆயில் அளவைக்கூட நான் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. ஆயிலுக்குத் தனித்தொட்டி வைத்த இன்ஜின் இது. நன்றாகச் சூடேற்றி, ஓடவிட்டபடியே அளக்க வேண்டும். நம் வழக்கப்படி காலையில் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் குறைவு என்று நினைத்து அளவுக்கு மேல் ஊற்றிவிடுவோம்.

இனி, வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட். 355-இல் பெல்ட்டுகள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பை ஒட்டி இருக்கின்றன, கை நுழைய இடமில்லை. அதனால் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் எல்லாம் சப்ஃபிரேமோடு ஒன்றாகக் கீழே இறங்கும். சரியாகச் சொன்னால் இன்ஜினை நாங்கள் எடுப்பதில்லை. எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, காரை லிஃப்டில் தூக்கி இன்ஜினைத் தரையிலேயே விட்டுவிடுகிறோம். என் வேலை, கழற்றும் ஒவ்வொரு ஒயருக்கும் குழாய்க்கும் சீட்டு ஒட்டுவது. சலிப்பான வேலைதான், ஆனால் இந்தக் காரை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். இறக்கிய பிறகு டென்ஷனர் பேரிங், கேம்ஷாஃப்ட் சீல், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவோம். பெல்ட்டின் விலை அற்பம். அதை எட்டும் கூலிதான் ஆயிரக்கணக்கான பவுண்டு. இந்த அநியாயம் ஃபெராரிக்கே உறைத்திருக்க வேண்டும். 1999-இல் வந்த 360 மொடெனாவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்து பெல்ட்டை மாற்றலாம். 2004-இல் வந்த எஃப்430-இல் பெல்ட்டே இல்லை, செயின்.

பெல்ட்டை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள், ஒரு மைல்கூட ஓடாவிட்டாலும். நின்ற வண்டியில் அது ஒரே வளைவில் வருஷக்கணக்கில் மடங்கிக் கிடந்து இறுகும். அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், இருப்பதோ நாற்பது வால்வு. சீல்களும் அப்படித்தான், ஆயில் படாமல் காய்ந்து சுருங்கும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்துக் குழாய்களுக்கும் ஆகாது. எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோல்தான் போட வேண்டும்.

வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு வண்டிகளின் காகிதங்களோடு வந்தார். ஒன்று ஆறாயிரம் மைல், மற்றொன்று நாற்பதாயிரத்துக்கு மேல், ஆனால் பில் கட்டு ஒரு விரல் தடிமன். பெரியவர் இரண்டாவதைக் காட்டினார். வாடிக்கையாளரோ விலை அதிகமான முதலாவதையே வாங்கினார். சில மாதங்களில் அது எங்கள் லிஃப்டில் ஏறியது. பெல்ட், குழாய், சீல், டயர், பிரேக் எல்லாம் மாற்றினோம். இப்போது அருமையாக ஓடுகிறது, ஆனால் அவர் ஓட்டுவதில்லை, மைல் ஏறினால் விலை இறங்குமாம். இதற்குக் கார் எதற்கு, மீட்டரை மட்டும் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம்.

ஊரிலிருந்து கூப்பிட்டு ஒன்று அனுப்பு என்பவர்களுக்கு: மூன்று வருஷத்துக்கு மேல் பழைய காரைச் சாதாரண வழியில் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. இங்கேயே வாங்க நினைப்பவர்கள் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் கடைசியாகப் பெல்ட் மாற்றிய பில்லின் தேதியைக் கேளுங்கள். அடுத்த தடவை இன்ஜின் இறக்கும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். மாதத்துக்கு இரண்டு முறையாவது, தண்ணீர் மட்டுமல்ல ஆயிலும் சூடாகும் வரை ஓட்டுங்கள். லண்டனுக்குள் நுழைந்தால் இந்த வயதுக் காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு புகைக் கட்டணம் உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.