வானத்தைக் கழித்தால் மிஞ்சுவது

எங்க தேங்காய்த்திட்டு மொட்டை மாடியிலிருந்து ஆண்ட்ரோமெடாவைத் தேடினால் துறைமுக விளக்கு வெளிச்சம்தான் தெரிகிறது. அப்போதெல்லாம் லெ ஜான்டி ஞாபகம் வரும். ஆண்ட்ரோமெடாவின் துணைக் கேலக்ஸி எம்32-ஐ 1749-ல் கண்டவர். 1769-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இதே புதுச்சேரியில் காத்திருந்து மேகத்திடம் தோற்றவர்.

பெரிய கேலக்ஸி சின்னதைப் பிய்த்துத் தின்னும். சிதறிய நட்சத்திரங்கள் சுற்றிலும் மங்கல் ஒளியாய்ப் பரவிக் கிடக்கும். அதை அளப்பதுதான் பெரும்பாடு. காரிருட்டிலும் வானத்துக்குச் சொந்தமாய்க் கொஞ்சம் ஒளி உண்டு. இது அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது! வானத்தை அளந்து கழிக்க வேண்டும். கழிப்பதில் ஒரு சதவீதம் பிசகினால் தேடியதே போச்சு.

லெ ஜான்டியை ஏமாற்றிய மேகம் அன்றைக்கே கலைந்துவிட்டது. நாம ஏற்றிய வெளிச்சம்?