கை தூக்கும் ஊர்

தேர்தல் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு நடக்கும். "இந்தத் தடவை நாம் யாருக்குப் போடுகிறோம்?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்கும். கூடத்திலிருந்து பதில் வரும். அதோடு விஷயம் முடிந்தது.

அந்த 'நாம்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா, வாசகியரே? வீட்டில் நாலு பேர் இருந்தால் மனமும் நாலு. ஆனால் அபிப்பிராயம் மட்டும் ஒன்றே ஒன்று! சில குடும்பங்களில் கட்சி என்பது தாத்தா காலத்து வெள்ளிக் கூஜாவைப் போலப் பரம்பரையாக இறங்கி வருகிறது. வேறு சில வீடுகளில் ஜாதியும் மதமும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பதிலைச் சொல்லிவிடுகின்றன.

நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்த ஆசாமிதான். ஆகையால், ஸ்விட்ஸர்லாந்துக்குப் போயிருந்தபோது, "திறந்த வெளியில் கையைத் தூக்கிச் சட்டம் செய்கிற ஊர் ஒன்று இங்கே உண்டு, புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் கை தூக்குவதைப் பார்க்கலாம்" என்று யாரோ சொன்னதும், அதைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று தீர்மானித்தேன். அந்த ஊரின் பெயர் கிளாருஸ்.

ஜூரிச் நகரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரப் பிரயாணம். முதலில் நெடுந்தூரம் ஏரிக்கரை. அப்புறம் ரயில் தெற்கே திரும்பி, லிந்த் நதியை ஒட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வருகின்றன. ஊர் வந்து இறங்கினால், வீட்டுக் கொல்லைச் சுவரைப் போலக் கிளேர்னிஷ் மலை எதிரே நிற்கிறது! மே மாதத்திலும் உச்சியில் பனி. அந்தப் பனி மேட்டுக்கு 'விரேனலியின் தோட்டம்' என்று பெயர். மலை உச்சியில் பூந்தோட்டம் போட்டே தீருவேன் என்று ஒரு பெண், செப்புக் கொப்பரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினாளாம். பனி கொட்டி அவளை மூடிவிட்டதாம். பிடிவாதக்காரிகளைப் பற்றிக் கதை கட்டுவதில் எல்லா ஊரும் ஒன்றுதான்!

மாகாணம் சின்னஞ்சிறியது. ஜனத்தொகை நாற்பதாயிரத்துச் சொச்சம். ஆனாலும் இது ஸ்விட்ஸர்லாந்தின் 26 மாகாணங்களில் ஒன்று; தன் சட்டங்களைத் தானே செய்துகொள்வது. ஊரில் இரண்டு தின்பண்டங்கள் பிரசித்தம். ஒன்று, பாதிக்குப் பிளம் பழ விழுதும் பாதிக்கு வாதுமை விழுதும் வைத்துச் செய்கிற பணியாரம். மற்றொன்று 'ஷாப்ஸிகர்' என்ற பச்சை நிறப் பாலாடைக்கட்டி. ஆடை எடுத்த பாலில் செய்து, நம் வெந்தயத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரியான ஒரு செடியின் தழையைப் பொடித்துக் கலக்கிறார்கள். மூக்கின் அருகே கொண்டுபோனதும் நம் அஞ்சறைப் பெட்டி ஞாபகம் வருகிறது. இந்தக் கட்டியை எப்படிச் செய்யவேண்டும், எப்படி முத்திரை குத்தவேண்டும் என்று 1463ல் சட்டம் போட்டார்களாம். போட்டது எந்த ராஜாவும் இல்லை; கை தூக்கும் இந்த ஜனசபைதான்!

* * *

நான் தங்கிய வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நரைத்த தலை, உருண்டை முகம், ஓயாத கை. சனிக்கிழமை இரவு, அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ நாவல் என்று நினைத்தேன். மறுநாள் சபையில் வரப்போகும் மசோதாக்கள் அத்தனையும், அவற்றுக்கான காரணங்களும் அச்சிட்ட புத்தகம் அது! சபை கூடுவதற்கு முன்பே அது வீடுகளுக்கு வந்துவிடுகிறது.

"தாங்கள் எந்தக் கட்சி, அம்மா?" என்று கேட்டேன்.

அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எந்தக் கேள்விக்கு?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு மசோதாவின் பக்கத்தில் 'சரி'. அடுத்ததில் 'கூடாது'. மூன்றாவதில் பெரிய கேள்விக்குறி. "இதற்கு மட்டும் நாளைக்குப் பேசுகிறவர்களைக் கேட்டுவிட்டுத் தீர்மானிப்பேன்" என்றார். "கட்சிகள் இங்கேயும் இருக்கின்றன. அவை சொல்வதையும் படிக்கிறேன். மளிகைக் கடையில் எல்லாச் சாமானும் இருப்பதால் எல்லாவற்றையுமா வாங்கி வருகிறோம்?"

* * *

இந்தப் பதில் அந்த ஊருக்குச் சும்மா வந்துவிடவில்லை, வாசகியரே. அதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது.

ஸ்விட்ஸர்லாந்தில் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தத்தை ஆரம்பித்த ஸ்விங்லி, 1506 முதல் 1516 வரையில் இதே கிளாருஸில்தான் பாதிரியாராக இருந்தார். அப்புறம் ஜூரிச்சுக்குப் போனார். அவர் மூட்டிய நெருப்பு இந்தப் பள்ளத்தாக்குக்கும் வந்தது. கத்தோலிக்கர் ஒரு பக்கம், பிராடஸ்டண்டுகள் ஒரு பக்கம் என்று ஜனங்கள் பிரிந்தார்கள். 1623ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, ஜனசபையே பிளந்துபோயிற்று. கத்தோலிக்கர்கள் நேஃபல்ஸ் கிராமத்தில் தனியாகக் கூடினார்கள். பிராடஸ்டண்டுகள் ஷ்வாண்டன் கிராமத்தில் தனியாகக் கூடினார்கள். இரண்டு சபை, இரண்டு கோர்ட்டு! பொதுச் சபை என்று ஒன்று இருந்தும், அது பேருக்குத்தான்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? அத்தனை காலமும் கிளாருஸ் நகரத்து மாதா கோயிலில் இரு சாராரும் முறை வைத்துக்கொண்டு தொழுதார்கள். சாமி கும்பிட ஒரே கோயில். கை தூக்க மட்டும் இரண்டு திடல்!

அப்படிப் பிரிந்திருந்த நாளில்தான் ஊருக்குத் தீராத அபகீர்த்தி ஒன்றும் வந்தது. அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண், எஜமானரின் குழந்தைக்குச் சூனியம் வைத்து ஊசிகளைக் கக்க வைத்தாள் என்று குற்றம் சாட்டினார்கள். எஜமானரோ செல்வாக்குள்ள மனிதர். விசாரித்தது அவருடைய மதத்தாரின் சபை. 1782ல் அவள் தலையை வெட்டினார்கள். நம் ஆள், நம் சபை என்று ஆகிவிட்டால், ஒரு ஏழைப் பெண்ணுக்காகத் தனியாக ஒரு கை தூக்குவதற்கு யாருக்குத் துணிவு வரும்? அவள் குற்றமற்றவள் என்று மாகாணச் சட்டசபை ஒப்புக்கொண்டது 2008ல்! பக்கத்திலுள்ள எனெண்டாவில், முற்காலத்தில் சாயத் துணி உலர்த்திய ஒரு மரக் கோபுரத்தில், இன்று அவள் பெயரால் காட்சிசாலை இருக்கிறது.

1836ல் புது அரசியல் சட்டம் வந்தது. மதத்துக்கொரு சபை என்ற ஏற்பாடு ஒழிந்தது. எல்லாரும் ஒரே திடலுக்கு வந்தார்கள்.

* * *

மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாண்டு வாத்தியம் முழங்க, அரசாங்கத்தார் ஊர்வலமாக வருகிறார்கள். திடலில் வட்டமாக மரப் படிகள் அமைத்திருக்கிறார்கள். நடுவில் மேடை. அதன்மேல் மாகாணத் தலைவர் பழங்கால வாள் ஒன்றை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். மேடையின் அடியில் யார் தெரியுமா? குழந்தைகள்! ஓட்டு இல்லாவிட்டாலும் முன்வரிசை அவர்களுக்குத்தான்.

முதலில் எல்லாரும் மூன்று விரல்களை உயர்த்திப் பிரமாணம் எடுக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு மசோதாவாக வருகிறது. யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு: என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லவேண்டும், காரணத்தைப் பிறகு சுருக்கமாகச் சொல்லவேண்டும். நம் ஊர்ப் பிரசங்கிகளில் பாதிப்பேர் இந்த ஒரு விதியிலேயே தோற்றுவிடுவார்கள்!

பேச்சு முடிந்ததும் ஆயிரக்கணக்கான கைகள் அட்டைகளோடு எழும்புகின்றன. யாரும் எண்ணுவதில்லை. தலைவர் கண்ணாலேயே மதிப்பிடுகிறார். சந்தேகமாக இருந்தால் மறுபடி தூக்கச் சொல்லி, சக அதிகாரிகளையும் பார்க்கச் சொல்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

2006ல் இந்த வளையத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மாகாணத்தில் 25 கிராம நிர்வாகங்கள் இருந்தன. அவற்றை 10 ஆகக் குறைக்கலாம் என்று அரசாங்கம் சொல்லிற்று. ஒரே ஒரு பிரஜை மேடை ஏறி, "10 எதற்கு? 3 போதும்!" என்றார். ஜனங்கள் கேட்டார்கள், யோசித்தார்கள், கை தூக்கினார்கள். மூன்றுதான் என்று முடிவாயிற்று! 'அவசரப்பட்டுவிட்டோமோ?' என்ற பேச்சு எழவே, 2007ல் விசேஷ சபை கூட்டி மறுபடி கேட்டார்கள். அப்போதும் மூன்றுதான். 2011 முதல் அப்படியே நடக்கிறது.

என் வீட்டுக்கார அம்மாள் மூன்றாம் படியில் நின்றார். பக்கத்தில் பேரன், வயது பதினேழு. 16 வயதிலேயே ஓட்டு என்று 2007ல் இதே சபை தீர்மானித்துவிட்டதே! ஒரு மசோதாவுக்குப் பாட்டி கை தூக்கினார். பேரனின் கை கீழே இருந்தது. 'எதிர்ப்பவர்கள்' என்றதும் பேரன் தூக்கினான். பாட்டி அவனைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை; தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

* * *

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அம்மாள் பழைய கதையைச் சொன்னார்.

"1971 வரையில் எங்களுக்கு ஓட்டு இல்லை. அப்பாவும் அண்ணனும் வளையத்துக்குள்ளே போவார்கள். அம்மாவும் நானும் வெளியே நிற்போம். அந்த வருஷம் ஆண்கள் எங்களுக்காகக் கை தூக்கினார்கள். அம்மா அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை எழும்பிற்று. வீட்டுக்கு வந்ததும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவுக்குப் பிடித்த பணியாரத்தில் பெரிய துண்டாக எடுத்து வைத்தாள்."

"தங்கள் கணவரோடு தாங்கள் மாறுபட்டது உண்டா?"

அம்மாள் சிரித்தார். "அவர் கத்தோலிக்கர்; நான் பிராடஸ்டண்டு. நான் முதல் தடவை மாற்றிக் கை தூக்கியபோது, 'மதம் வேலை செய்கிறது' என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மதமும் இல்லை, மண்ணும் இல்லை. அந்த ரோடு எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றிற்று. அவர் அன்றைக்குச் சாப்பிடும்போது சூப்பில் உப்பு போதவில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். அதற்கடுத்த வருஷம் மறுபடி வேறு!"

நான் விடவில்லை. "நாலு பேர் பார்க்கக் கை தூக்குவது பயமாக இருக்காதா? முதலாளி பார்ப்பார், கடன் கொடுத்தவர் பார்ப்பாரே?"

அம்மாளின் முகம் சற்று மாறிற்று. "இருக்கும். இல்லை என்று சொன்னால் பொய். அதனால்தான் அரசாங்கத்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பதைப் பெட்டிக்கு மாற்றிவிட்டோம், ரகசியமாக. ஆனால் ஒன்று: 1864ஐப் பற்றிப் படித்துப் பாருங்கள்" என்றார்.

படித்தேன். அந்தக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் துணி அச்சிடும் ஆலைகள். முதல் ஆலை 1740ல் வந்தது. அச்சிட்டது எந்த மாதிரித் துணி தெரியுமா? நம் நாட்டுச் சாயச் சீட்டித் துணியைப் பார்த்துச் செய்தது. 'இந்தியத் துணி' என்றே அதற்குப் பெயர்! அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களும், அவற்றின் முதலாளிகளும் நின்ற ஒரே வளையத்தில், 1864ல் ஒரு மசோதா வந்தது. ஆலையில் நாளைக்குப் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இரவு வேலை கூடாது. பிரசவித்த பெண்களுக்கு ஆறு வாரம் ஓய்வு வேண்டும். சம்பளம் கொடுப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கைகள் எழும்பின. சட்டம் நிறைவேறிற்று. 1877ல் தேசம் முழுவதற்கும் ஆலைச் சட்டம் வந்தபோது அதற்கு இதுவே வழிகாட்டி.

அன்று கை தூக்கிய தொழிலாளிக்கு மறுநாள் காலை அதே ஆலை வாசலில்தான் போய் நிற்கவேண்டும். தெரிந்தும் தூக்கினான். வளையத்துக்கு வெளியே நின்ற அவன் மனைவிக்கு அந்த ஆறு வாரம் கிடைத்தது.

* * *

மாலை ரயிலில் திரும்பினேன். திடலில் மரப் படிகள் வெறிச்சென்று கிடந்தன.

கை தூக்கும் ஏற்பாடு நமக்கு ஒத்துவராது, வாசகியரே. கோடிக்கணக்கானவர்கள் எந்தத் திடலில் நிற்பது? நமக்கு ஆண்டவனாகப் பார்த்துக் கொடுத்தது போல ரகசிய ஓட்டு இருக்கிறது. கிளாருஸ்காரர் பத்துப் பேர் முன்னிலையில் வரவழைத்துக்கொள்ள வேண்டிய துணிவு நமக்குத் தேவையே இல்லை. அந்தச் சின்ன மறைப்புக்குள்ளே கணவர் வரமாட்டார், மாமியார் வரமாட்டார், கட்சிக்காரர் வரமாட்டார், கோயில் தர்மகர்த்தாவும் வரமாட்டார். நீங்களும் உங்கள் மனச்சாட்சியுந்தான்.

ஆனால் அந்த மறைப்புக்குள் போவதற்கு முன்னாலேயே நாம் முடிவு செய்துவிட்டு வருகிறோமே! தெருவில் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருக்கிறாரா, ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கிறதா, நிற்கிறவர் யோக்கியரா என்று நாமே யோசித்து, 'சரி', 'கூடாது', 'கேட்டுத் தீர்மானிப்பேன்' என்று பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறோமா?

அடுத்த தேர்தலில் கூடத்திலிருந்து, "நாம் எந்தக் கட்சி?" என்று யாராவது கேட்டால், அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு, நிதானமாகத் திருப்பிக் கேளுங்கள்: "எந்தக் கேள்விக்கு?"

சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சொன்னால் சொல்லட்டுமே!