பாடுவோரைத் தேர்தல்

பங்கின் திருவிழாவுக்குப் பாடல்களைத் தேர்வதற்குள் நம் பாடகர் குழுவில் எத்தனை மனத்தாங்கல்கள்! நாம் புண்பட்டதும் உண்டு, புண்படுத்தியதும் உண்டு. அதனால்தானோ என்னவோ, வேல்ஸ் நாட்டின் லாங்கோலன் சிற்றூர் நம்மை ஈர்க்கிறது. 1947-இல் அங்கே தொடங்கிய பன்னாட்டு இசை விழாவின் முதல் இசை இயக்குநர் குவின் வில்லியம்ஸ், தாமே இசையமைப்பாளர், இசைநூல் பதிப்பாளருங்கூட. பாடலைத் தேர்வது அவருக்குக் கைவந்த கலை. பாடுவோரைத் தேர்வதன்றோ பெரும்பாடு! போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், 1949-இல், ஜெர்மனியின் லூபெக் நகரக் குழு அவ்விழா மேடை ஏறியது. அறிமுகம் செய்தவர் போரில் உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர். "நண்பர்கள்" என்றே அவர்களை வரவேற்றார்.

நம் குழுவில் முகங்கொடுத்துப் பேசாத இருவர் உள்ளனர். அடுத்த ஒத்திகைக்கு அவர்களை அழைக்க வேண்டியவர் நாமே. இன்னும் அழைக்கவில்லை.